திரை அணையவே மாட்டேன் என்கிறதா? ஃபார்மேட் போடும் முன் இதைப் பாருங்கள்

வணக்கம். பத்து நிமிடத்தில் திரை அணைய வேண்டும், அரை மணியில் கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போக வேண்டும் என்று செட்டிங்ஸில் சரியாகத்தான் வைத்திருக்கிறீர்கள், ஆனால் ராத்திரி எழுந்து பார்த்தால் மானிட்டர் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கிறது. இதற்குப் போய் ஃபார்மேட் போட்டு, ஃபைலை எல்லாம் இழக்க வேண்டாம். காரணத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

கீபோர்டிலும் மவுஸிலும் கடைசியாக எப்போது அசைவு வந்தது என்று விண்டோஸ் குறித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு அசைவுக்கும் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். அசைத்தது உங்கள் கையா, ஆடுகிற மேஜையா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 'நான் வேலையாக இருக்கிறேன், தூங்கிவிடாதே' என்று புரோகிராம்களும் விண்டோஸிடம் கேட்டுக்கொள்ளலாம், வீடியோ ஓடும்போது யாரும் தொடாமலே திரை எரிவது அதனால்தான். உங்கள் வீட்டில் தொந்தரவு எந்தப் பக்கம் என்று முதலில் தெரிய வேண்டும்.

[திரையில்: கமாண்ட் பிராம்ப்ட், கட்டளை பெரிய எழுத்தில்]

கட்டளைகளை டைப் செய்து கொடுக்கும் ஜன்னலான கமாண்ட் பிராம்ப்டை ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். பவர்சிஎஃப்ஜி, ஒரு இடைவெளி, ஸ்லாஷ், ரெக்வெஸ்ட்ஸ் (powercfg /requests) என்று டைப் செய்யுங்கள். என்டர். டிஸ்ப்ளே, சிஸ்டம் என்று வரிசையாகத் தலைப்புகள் வரும், கீழே 'நன்' (None) என்றிருந்தால் யாரும் எதுவும் கேட்கவில்லை. பெயர் இருந்தால் அதுதான் ஆள். ஆடியோ டிரைவரின் பெயரும், ஆடியோ ஸ்ட்ரீம் ஓடுகிறது என்ற வரியும் அடிக்கடி வரும். அநேகமாக ஏதோ ஒரு டேப்பில் பாட்டோ மீட்டிங்கோ திறந்தபடியே இருக்கும். மூடிவிட்டு அதே கட்டளையை மறுபடி கொடுங்கள், பெயர் போயிருக்கும். அந்தக் கோரிக்கையை ஒரேயடியாகப் புறக்கணிக்கச் சொல்ல ரெக்வெஸ்ட்ஸ்ஓவர்ரைடு என்று ஒரு கட்டளை உண்டு, ஆனால் எடுத்தவுடன் அதற்குப் போகாதீர்கள், அப்புறம் படம் பார்க்கும்போது நடுவில் திரை அணைந்து எரிச்சலாகும்.

எல்லாமே 'நன்', ஆனாலும் திரை அணையவில்லை. நிறைய பேர் குழம்பி நிற்பது இங்கேதான். மவுஸ் அசைவு இந்தப் பட்டியலில் வரவே வராது! ஆகவே பட்டியல் காலியாக இருந்தால் சந்தேகம் நேராக மவுஸ், கீபோர்டு, ஜாய்ஸ்டிக் பக்கம் போக வேண்டும்.

[திரையில்: பெயின்ட், கீழ் ஓரத்தில் எண்கள்]

பெயின்டைத் திறந்து, கர்சரை வெள்ளைப் பகுதியில் விட்டு, கையை எடுத்துவிடுங்கள். கீழ் ஓரத்தில் கர்சர் நிற்கும் இடத்தை இரண்டு எண்களாகக் காட்டும். யாரும் தொடாதபோது 412 என்பது 413 ஆகி, திரும்ப 412 ஆனால், கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு புள்ளி நகர்வே போதும், கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். கண்ணாடி போட்ட மேஜையில் ஆப்டிகல் மவுஸ் வைத்தால் இப்படி நடக்கும், சென்சாருக்குப் பிடிமானம் கிடைக்காது. அடியில் ஒரு பேட் போடுங்கள், அல்லது கெட்டி அட்டை வைத்தாலும் சரி. மவுஸைத் தலைகீழாக வைத்துப் பார்ப்பது நல்ல சோதனை இல்லை, வயரையே கழற்றிவிட்டுக் காத்திருங்கள். அப்போது திரை அணைந்தால் முடிவு தெரிந்துவிட்டது. அழுந்தியபடி மாட்டிக்கொண்ட கீயும், நடுவுக்குத் திரும்பாத ஜாய்ஸ்டிக்கும் இதே வேலையைச் செய்யலாம். அவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

சிலருக்கு நேர் எதிரான பிரச்சினை. அரை மணி என்று வைத்திருந்தும் இரண்டே நிமிடத்தில் தூங்கிவிடும். நெட்வொர்க் வழியாகவோ டைமராலோ கம்ப்யூட்டர் எழுந்தால், முன்னால் ஆள் இல்லை என்று எடுத்துக்கொண்டு விண்டோஸ் வேறொரு கணக்கை வைக்கும், வழக்கமாக அது 2 நிமிடம், அந்த அமைப்பு பவர் ஆப்ஷன்ஸில் மறைந்திருக்கும். ஒரு கீயைத் தட்டினால் போதும், நீங்கள் வைத்த அரை மணிக்கே திரும்பிவிடும். யார் எழுப்பியது என்று பார்க்க, பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, ஸ்லாஷ், லாஸ்ட்வேக் (powercfg /lastwake). மவுஸ் என்று வந்தால் டிவைஸ் மேனேஜரில் அதன் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துக்குப் போய், கம்ப்யூட்டரை எழுப்பும் அனுமதிக்கான டிக்கை எடுத்துவிடுங்கள்.