மெசியர் ஒதுக்கி வைத்த பட்டியல்

வணக்கம் நேயர்களே. மளிகைக் கடைக்குப் போகும்போது வாங்க வேண்டியதைத்தான் சீட்டில் எழுதுவோம். வாங்கக் கூடாததை யாராவது எழுதுவார்களா? வானத்துக்கு அப்படி ஒரு சீட்டு எழுதினார், பாரிசில் இருந்த வானியலாளர் சார்லஸ் மெசியர்.

அவருக்கு வால்நட்சத்திரப் பைத்தியம். வால்நட்சத்திரத்தைப் பிடிக்கத் தொலைநோக்கியில் தேட வேண்டியது வாலை இல்லை, தூரத்தில் இருக்கும்போது வாலே தெரியாது. மங்கலாக, கண்ணாடியில் வாய் வைத்து ஊதினால் படியுமே ஆவி, அந்த மாதிரி ஒரு திட்டுதான் தெரியும். சிக்கல் என்னவென்றால், விண்மீன் கொத்தும் அப்படித்தான் தெரியும், நெபுலா என்கிற வாயு-தூசி மேகமும் அப்படித்தான், கேலக்ஸி என்கிற விண்மீன் மண்டலமும் அப்படித்தான். வால்நட்சத்திரம் மட்டும் நாளுக்கு நாள் நகரும். 1758-இல் ரிஷப ராசிப் பக்கம் இப்படி ஒரு திட்டைப் பார்த்தார், அது நகரவே இல்லை. சரி, இனி ஏமாறக்கூடாது என்று குறித்து வைத்தார். அதுதான் மெசியர் 1. சீனர்கள் 1054-இல் பார்த்து எழுதிவைத்த வெடித்த நட்சத்திரத்தின் மிச்சம் அது என்பது அவருக்குத் தெரியாது.

நானும் ஏமாந்திருக்கிறேன். ஒரு நாள் மொட்டை மாடியில் பைனாகுலரோடு கேட்டை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு புகைத் திட்டைப் பார்த்துவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி வீட்டில் எல்லோரையும் எழுப்பிவிட்டேன். மூன்று நாள் பார்த்தேன், நகரவில்லை. மெசியர் 4. வீட்டில் இன்னமும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

1774-இல் அச்சான முதல் பட்டியலில் 45 பொருள்கள். நாற்பத்தைந்தாவது எது தெரியுமா? நம்முடைய கார்த்திகை! அதை யார் வால்நட்சத்திரம் என்று நினைக்கப் போகிறார்கள்? லகாய் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் தென்னாப்பிரிக்கா முனைக்குப் போய்வந்து 42 பொருள்களோடு ஒரு பட்டியல் போட்டிருந்தார், அதை முந்தத்தான் இவர் கடைசியில் எல்லோருக்கும் தெரிந்ததையெல்லாம் சேர்த்தார் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அப்படித்தான் படுகிறது, விஞ்ஞானியும் மனிதர்தானே.

இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும், நிலையத்தார் கோபித்துக்கொண்டாலும் சரி. மெசியருக்கு சரோன் என்று ஒரு நண்பர், பெரிய நீதிபதி, கணக்கில் புலி. இவர் கண்ணால் பார்த்துச் சொல்ல, அவர் பாதையைக் கணக்குப் போட்டுத் தருவார். பிரெஞ்சுப் புரட்சி வந்தது, சரோனைச் சிறையில் போட்டார்கள். 1793-இல் மெசியர் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து, பார்த்த விவரங்களைச் சிறைக்கு அனுப்ப, மனிதர் உள்ளே உட்கார்ந்தபடியே பாதையைப் போட்டுக் கொடுத்துவிட்டார்! சொன்ன இடத்தில் அது வந்து நின்றது. அந்தச் செய்தியை மெசியர் ஒரு செய்தித்தாளுக்குள் ஒளித்துத்தான் சிறைக்கு அனுப்பினாராம். 1794 ஏப்ரலில் சரோனை கில்லட்டினில் வெட்டிவிட்டார்கள்.

இத்தனை பாடுபட்டுப் பிடித்த வால்நட்சத்திரங்கள் ஒரு டஜனுக்கு மேல். அதில் ஒன்றின் பெயர் சொல்லுங்கள் பார்ப்போம்? எனக்கே சட்டென்று வராது. ஆனால் வேண்டாம் என்று ஒதுக்கியதெல்லாம், அதாவது அந்த வாங்கக் கூடாத சீட்டு இருக்கிறதே, அதைத்தான் பைனாகுலர் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் ஒன்றாம் எண்ணிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறோம். 1781-இல் 103 ஆனது, பின்னால் வந்தவர்கள் அவருடைய குறிப்புகளைப் பார்த்து 110 ஆக்கினார்கள்.

தப்புகளும் உண்டு. நாற்பதாம் எண்ணில் இருப்பது வெறும் இரண்டு நட்சத்திரம். நாற்பத்தேழாம் எண்ணுக்கு அவர் கொடுத்த இடத்தில் ஒன்றுமே கிடையாது! பக்கத்து நட்சத்திரத்திலிருந்து இடத்தைக் கணக்கிடும்போது கூட்டலையும் கழித்தலையும் மாற்றிப் போட்டுவிட்டார். அவர் பார்த்தது எந்தக் கொத்து என்று 1934-இல்தான் ஒருவர் கண்டுபிடித்தார்.

ஐயோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். வானியலாளர் ஹெர்ஷலும் அவர் தங்கையுமாக இரவெல்லாம் உட்கார்ந்து 2,500 பொருள்கள் பதிந்தது, அதையெல்லாம் திரட்டி டிரேயர் 1888-இல் 7,840 பொருள்களோடு போட்ட என்.ஜி.சி. என்கிற புதிய பொதுப் பட்டியல், இதற்கெல்லாம் இன்று நேரமில்லை. ஒன்றே ஒன்று. மெசியர் பாரிசில் இருந்ததால் தெற்கு வானத்தின் அடிப்பகுதி அவருக்குத் தெரியவே தெரியாது. அதனால் பூமியிலிருந்து தெரிகிற, பந்து மாதிரித் திரண்ட உருண்டை விண்மீன் கொத்துகளிலேயே பிரகாசமான ஒமேகா சென்டாரி அவர் பட்டியலில் இல்லை. நமக்கு அது நன்றாகவே தெரியும். வைகாசி கடைசியில் இரவு ஒன்பது மணிக்கு, நிலா இல்லாத நாளாகப் பார்த்து, நேர் தெற்கே திரும்பிக் கையை நீட்டுங்கள். அடிவானத்திலிருந்து மூன்று முஷ்டி உயரத்தில், ஊதின ஆவி மாதிரி ஒரு திட்டு. பைனாகுலர் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். சரி, நிறுத்திவிடுகிறேன். வணக்கம்.