47 வயதில் கிரேனை விட்டுவிட்டு டேட்டா படிக்கப் போகலாமா?

அடுத்த கேள்வி. அனுப்பியவர் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். 47 வயது, சிங்கப்பூர்க் குடிமகன், துறைமுகத்தில் கொள்கலன்களைத் தூக்கி அடுக்குகிற யார்டு கிரேன் ஓட்டுகிறார். புதிய துவாஸ் துறைமுகத்தில் டிரைவரே இல்லாத வண்டி ஓடுகிறது, நம்ம வேலை இன்னும் எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை, பயிற்சி வகுப்புகளுக்காக அரசாங்கம் கொடுத்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் கையில் இருக்கிறது, டேட்டா அனலிட்டிக்ஸ், அதாவது தரவுகளை அலசுகிற படிப்பு, படித்து அந்தப் பக்கம் போய்விடலாமா என்று கேட்கிறார். அதோடு, வேலை முடிந்து வந்து புத்தகத்தைத் திறந்தால் மனசு நிற்க மாட்டேன் என்கிறது, வயசாகிவிட்டதா என்றும் கேட்கிறார்.

அண்ணே, உங்கள் பயம் நியாயமானதுதான், அதை நான் சமாதானம் சொல்லி மூடி மறைக்கப் போவதில்லை. துவாஸ் துறைமுகம் 2022 செப்டம்பரில் அதிகாரபூர்வமாகத் திறந்தாயிற்று. தஞ்சோங் பகார், கெப்பல், பிரானி என்ற பழைய முனையங்கள் மூன்றும் 2027 வாக்கில் அங்கே போய்விட வேண்டும் என்பது திட்டம், பாசிர் பாஞ்சாங் முனையம் அதற்கும் பல ஆண்டுகள் கழித்து. அதாவது மாற்றம் நிச்சயம், ஆனால் அது நாளைக் காலையே வந்து கதவைத் தட்டப் போவதில்லை, யோசித்து அடி எடுத்து வைக்க நேரம் இருக்கிறது.

சரி, படிக்கலாமா? கண்டிப்பாகப் படியுங்கள். ஆனால் முன்பின் தெரியாத ஒரு துறையில் 25 வயசுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று முதல் வேலை தேடுகிற நிலைக்கு உங்களை நீங்களே கொண்டுபோய் விடாதீர்கள் என்றுதான் சொல்வேன். உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெளி லாரி ஒன்று வருகிறது, கொள்கலனை டிரெய்லரோடு பூட்டி வைக்கிற ட்விஸ்ட்லாக்குகளில் ஒரு மூலையில் இருப்பதை டிரைவர் திறக்க மறந்துவிட்டார், நீங்கள் கொள்கலனைத் தூக்குகிறீர்கள், டிரெய்லரும் சேர்ந்து எழும்பப் பார்க்கிறது. சக்கரம் தரையை விட்டு எழும்புவதற்குள்ளேயே ஏதோ சரியில்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிடும், இல்லையா? அது எந்த கோர்ஸிலும் கிடைக்காத அறிவு. தானியங்கி யார்டிலும் கட்டுப்பாட்டு அறையில் ஆள் உட்கார்ந்திருக்கிறார், ஒருவரே திரையில் பல கிரேன்களைக் கவனித்துக்கொள்கிறார், இயந்திரத்துக்குப் புரியாமல் நின்றுவிட்டால் அவர்தான் கை வைக்கிறார். அந்த நாற்காலிக்கு உங்களைப் போன்றவர் போவது அரை அடி நகர்வதுதான். கிரேன் பராமரிப்பு, வேலையிடப் பாதுகாப்பு இதெல்லாமும் பக்கத்திலேயே இருக்கிறது. டேட்டாதான் பிடித்திருக்கிறது என்றால் அதையும் படியுங்கள், ஆனால் கிரேன் எப்போது ஏன் பழுதாகிறது என்பதைக் கண்டுபிடிக்கிற டேட்டாவாகப் பாருங்கள், அங்கே உங்கள் பேச்சுக்கு மதிப்பு இருக்கும்.

பணத்தைப் பற்றி ஒன்று. அந்த 4,000 வெள்ளி 2024 மே மாதத்திலிருந்து 40 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களுக்குக் கொடுத்தது, அதற்குக் காலாவதித் தேதி கிடையாது. அதனால் இன்றைக்கே கையெழுத்துப் போடுங்கள் என்று யாராவது அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். எல்லா வகுப்புக்கும் அதைப் பயன்படுத்த முடியாது, தேர்ந்தெடுத்த வகுப்புகளுக்கு மட்டும்தான், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். முழுநேரமாகப் படிக்க வேலையை விடுவதாக இருந்தால், தகுதியுள்ள வகுப்புகளுக்குப் பயிற்சி உதவித்தொகை இருக்கிறது: சராசரி வருமானத்தில் பாதி, மாதம் அதிகபட்சம் 3,000 வெள்ளி, மொத்தம் 24 மாதம் வரை. ஆனால் வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு என்று இருக்கிறவர் அந்த முடிவை மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். முதலில் உங்கள் சூப்பர்வைசரிடமும் யூனியனிலும் கேளுங்கள், ரிமோட் கிரேன் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்களா என்று. வேலையில் இருந்துகொண்டே மாற வழி இருந்தால் அதைவிட நல்லது வேறு எதுவும் இல்லை.

அப்புறம் மனசு நிற்காத விஷயம். வயசு காரணம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். 2009இல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குப் போனால் கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால் புதிய வேலை சரியாக நடக்காது. எங்கே விட்டோம், திரும்பி வந்தால் என்ன செய்யப்போகிறோம் என்று கிளம்புவதற்கு முன் எழுதி வைத்துவிட்டால் அந்தப் பிடி தளரும் என்பதும் பிறகு அவர் செய்த ஆய்வில் தெரிந்தது. ஷிப்ட் மாறும்போது அடுத்த ஆளிடம் எந்த பிளாக்கில் (கொள்கலன் அடுக்கு வரிசையில்) என்ன நிற்கிறது என்று ஒப்படைத்துவிட்டுத்தானே இறங்குகிறீர்கள், அதே மாதிரி வீட்டு விஷயம், வேலை விஷயம் எல்லாவற்றையும் இரண்டு வரி எழுதிவிட்டுப் புத்தகத்தைத் திறவுங்கள். இரவு ஷிப்ட் வாரத்தில் படிக்கவே உட்கார வேண்டாம், தூங்குங்கள். பகல் ஷிப்ட் வாரத்தில் அரை மணி நேரம் போதும்.

எந்த முனையத்தில் வேலை செய்கிறீர்கள் என்று எழுதி அனுப்புங்கள் அண்ணே, அதற்குப் பொருத்தமான வகுப்புகளைத் தேடிப் பார்த்து அடுத்த வாரம் சொல்கிறேன்.