'நல்ல கேள்வியே!' அணியின் பட்டிமன்ற உரை

நடுவர் ஐயா அவர்களுக்கும் பாளையங்கோட்டைப் பெரியோர்களுக்கும் வணக்கம்.

வளரிளம் மாணவரின் சிந்தனையை வளர்ப்பது சரியான விடையா, நல்ல கேள்வியா என்பது தலைப்பு. "விடையே தெரியாத பிள்ளை எதை வைத்துக் கேள்வி கேட்கும்?" என்றார் எதிரணி அண்ணாச்சி. நியாயமான வாதம்தான். கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் குழுவினர் 1956-இல் அறிவுசார் கற்றலை ஆறு படிகளாக வகுத்தபோதும் நினைவில் வைப்பதுதான் முதல் படி. ஆனால் அதற்கு மேலே புரிதல், பயன்படுத்துதல், பகுத்தல், தொகுத்தல், மதிப்பிடல் என்று ஐந்து படிகள் இருக்கின்றனவே! முதல் படியிலேயே பிள்ளையை உட்காரவைத்து மார்க் போட்டு அனுப்பினால் எப்படி ஐயா?

"தாமிரபரணி எங்கே உற்பத்தியாகிறது?" பொதிகை மலை. ஒரு மார்க்.

சரி, அதே ஒன்பதாம் வகுப்பில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "பாபநாசத்திலும் மணிமுத்தாற்றிலும் அணை இருந்தும், 2023 டிசம்பரில் நம்ம திருநெல்வேலி ஜங்ஷன் ஏன் மூழ்கியது?" ஒருவன் மழைக்கணக்கைத் தேடுவான். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியதைக் கண்டுபிடித்து, "இதுதான் காரணம்" என்பான். பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை விடுமா? "காயல்பட்டினம் கடற்கரையிலல்லவா இருக்கு? அந்தத் தண்ணி மேலேறி ஜங்ஷனுக்கு எப்படி வரும்?" அப்புறம் வரைபடத்தை விரித்தே ஆகவேண்டும். அணைக்கும் ஜங்ஷனுக்கும் நடுவில் எவ்வளவு பெய்தது, திருப்புடைமருதூரில் தாமிரபரணியோடு சேரும் கடனாநதி எவ்வளவு கொண்டுவந்தது என்று தேட வேண்டும். இன்னொருத்தி, பழைய ஓடை எந்தப் பக்கம் போனது என்று தாத்தாவிடம் விசாரித்து வருவாள்.

ஆதாரம் தேடுவது, அடுத்தவன் சொன்னதைச் சோதிப்பது, காரணங்களைக் கோப்பது எல்லாம் ஒரே கேள்வியில் நடந்துவிட்டது. "இனி மூழ்காமல் இருக்க என்ன செய்யலாம்?" என்று கேட்டால் பத்துப் பிள்ளை பத்து வழி சொல்லும். உளவியலாளர் கில்ஃபோர்டு சொன்ன விரி சிந்தனை அதுதான். ஒரே விடையை நோக்கிப் போவது குவி சிந்தனை. இரண்டும் வேண்டும். நம் தேர்வுத்தாள் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்கிறது.

பதினொன்று, பன்னிரண்டு வயதில்தான் 'இப்படி நடந்திருந்தால்?' என்று கண்ணில் படாததையும் யோசிக்கும் திறன் வரத் தொடங்குகிறது என்றார் குழந்தை உளவியலாளர் பியாஜே. சரியாக அந்த வயதில்தான் நாம், "அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதல" என்கிறோம். பெண்பிள்ளை என்றால், "எதிர்த்துப் பேசாத" என்று இன்னும் ஓங்கிச் சொல்கிறோம். எனக்கு இதில் கோபமே உண்டு.

நடுவர் ஐயா, தீர்ப்புக்கு முன் ஒரு விண்ணப்பம். முன்வரிசைப் பிள்ளைகளை எழுப்பி, இந்த இரண்டு அணியும் பேசியதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கேளுங்கள். எங்கள் அணியிலிருந்தே ஆரம்பியுங்கள். நன்றி.