குக்கர் மூன்று விசில் வருவதற்குள்

நேயர்களுக்கு வணக்கம். அன்றாட வேலைகளுக்கு நடுவே வேதத்தை எப்படி முதலில் வைப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் போதகர் இல்லை. பள்ளிக்கூடத்துக்கும் அடுப்படிக்கும் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு ஆசிரியை. ஒருவேளை அதனால்தான் கூப்பிட்டார்களோ என்னவோ.

போன வருஷம் வரை என் வேதாகமம் போனில்தான் இருந்தது. காலை ஐந்தரைக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, அதில் சங்கீதப் புத்தகத்தின் ஒரு ஜெபப்பாடலைத் திறப்பேன். அதற்குள் மேலே ஏதாவது எட்டிப் பார்க்கும். ஒருநாள் நாத்தனார் வீட்டு நிச்சயதார்த்தப் படங்கள், நாற்பதுக்கு மேல். பார்த்து முடிக்கையில் பால் பொங்கி அடுப்பு அணைந்து, வீடெல்லாம் கேஸ் வாடை. சங்கீதம் திறந்தபடியே கிடந்தது.

கூத்து என்னவென்றால், வேதத்திலிருந்து நம்மை இழுத்துக்கொண்டு போவதில் வசனங்களுக்கும் பங்கு உண்டு. ரோஜாப்பூவுக்கு நடுவே ஒரு வரி, சூரியோதயத்துக்கு மேல் ஒரு வரி. ஆறு மணிக்குள் குடும்பக் குரூப்பில் பத்துப் படம் வந்துவிடும். ஆளுக்கொரு கைகூப்பு போட்டுவிட்டால் வேதம் வாசித்த திருப்தி.

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை, அதாவது அந்த வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சிட்ட அட்டை, ஒட்டியிருக்கிறது. எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." மகனுக்குக் கல்லூரி கிடைக்குமா என்று தவித்த நாட்களில் அதைப் பார்த்துப் பார்த்துத் தேறினேன். அப்புறம் ஒருநாள் அந்த அதிகாரத்தை முழுசாக வாசித்தேன்.

அது ஒரு கடிதம். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதியது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்பவன், இரண்டே வருஷம், எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். எரேமியாவோ எழுபது வருஷம் என்கிறார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்யுங்கள், அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். அதைக் கேட்ட நாற்பது வயதுக்காரர் தன் ஊரை இனி பார்க்கப்போவதில்லை. அவரிடம்தான் கர்த்தர் 'சமாதானம்' என்கிறார். அட்டையில் பத்தாம் வசனத்துக்கு இடமில்லை. எழுபது வருஷம் அதில்தான் இருக்கிறது.

அனனியாவின் பேச்சு இன்றைக்கு வந்திருந்தால் நானே நாலு பேருக்கு அனுப்பியிருப்பேன்.

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு இரண்டே வருஷத்தில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். நடுவில் நாலு மாதம் கோட்டைச் சிறை. ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகளோ பெரிது, காகிதத்தைத் தின்றன. அதனால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715-இல் முழுவதையும் அச்சிட்டு முடித்தார்கள். எழுத்தைத்தான் குறைத்தார்கள், அதிகாரத்தைக் குறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்த இயேசுவின் பேச்சைத் தங்கை மரியாள் உட்கார்ந்து கேட்க, பணிவிடையிலேயே ஓடிக்கொண்டிருந்தவள் மார்த்தாள். அவளைத் திட்டுகிற பிரசங்கங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. பிரசங்கம் முடிந்ததும் சாப்பிடத்தானே போகிறோம்? இயேசு அவள் சமையலைக் குறை சொல்லவில்லை. நீ அநேக காரியங்களைக் குறித்துக் கலங்குகிறாய் என்றுதான் சொன்னார்.

அதனால் நான் பெரிதாக எதையும் மாற்றவில்லை. காகித வேதாகமம் ஒன்றை அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். போன் அடுத்த அறையில். குக்கரை ஏற்றிவிட்டு, நின்றபடியே ஒரு அதிகாரம், வாய்விட்டு. மனசுக்குள் வாசித்தால் என் கண் ஓடிவிடும். சத்தமாக வாசித்தால் நாக்கு இழுத்துப் பிடிக்கும். சில நாள் அதிகாரம் முடிவதற்குள் மூன்று விசில் வந்துவிடும், அடுப்பைத் தணித்துவிட்டு மிச்சத்தை வாசிப்பேன். சில நாள் வாசித்தது ஒன்றும் ஒட்டாது. சட்டதிட்டங்கள் நிறைந்த லேவியராகமம் பாதியில் ரொம்பவே திணறினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எரேமியா பக்கத்தில் இப்போது ஒரு மஞ்சள் கறை இருக்கிறது. மகன் அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, வேதாகமத்தில் சாம்பார் வாசம்?" என்றான். பக்கத்தை மூடாமல் அப்படியே அவன் கையில் கொடுத்துவிட்டு, தாளிக்கப் போனேன்.