அலமாரியில் கிடக்கும் கூத்து

வணக்கம். கூத்துக் குடும்பங்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பலர் டர்பன் நகரின் இந்த சாட்ஸ்வொர்த் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டு அலமாரியில் பழைய எட்டு மில்லிமீட்டர் ஃபிலிம் சுருள் இருந்தால் தயவுசெய்து குப்பையில் போட்டுவிடாதீர்கள். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி தொடங்கியதே 1976இல். கோடாக் நிறுவனம் எட்டு மில்லிமீட்டர் ஃபிலிமைக் கொண்டுவந்தது 1932இல். இடைப்பட்ட காலத்தில் இங்கே கூத்தாடியவரை டிவிக்காரர் எப்படிப் படமெடுத்திருப்பார்? டிவியே இல்லையே! கேமரா வைத்திருந்த மாமா எவராவது எடுத்தால்தான் உண்டு.

அந்த மாமாவுக்கும் ஒரு சிக்கல். கூத்து விடிய விடிய நடக்கும். அன்றைய கோடாக்குரோம் வண்ண ஃபிலிமுக்கோ நல்ல வெயில் வேண்டும். அதனால் அவர் பகலில் எடுத்திருப்பார்: முகத்தில் அரிதாரம் பூசுவது, கிரீடம் கட்டுவது, கொல்லையில் பையனுக்கு அடவு சொல்லித் தருவது. எனக்கு மேடை ஆட்டத்தைவிட இதுதான் பெரிது. கலை ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்குப் போவது அங்கேதானே தெரியும்? பின்னால் டர்பனின் கேட்டோ மேனர் பகுதி வீடு ஒன்று தெரிந்தால், இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடிவைத்த நிறவெறி அரசின் குடியிருப்புப் பகுதிச் சட்டத்தில் அங்கிருந்து குடும்பங்களை அப்புறப்படுத்துவதற்கு முந்தைய வாழ்க்கையும் சேர்ந்து கிடைக்கும்.

அமெரிக்காவில் நிக்கலஸ் சகோதரர்கள் என்ற நடனக் கலைஞர்களின் குடும்பப் படங்களை 2011இல், பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலான தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள். அவர்கள் ஹாலிவுட் படங்களில் ஆடியவர்கள். அவர்களுக்கே வீட்டுப் படம் முக்கியம் என்றால், வேறு படமே இல்லாத நம் ஆட்டக்காரர்களுக்கு?

சரி, டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் ஃபிலிமின் அடிப்பொருளான அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். வெளிவரும் அமிலமே சிதைவை இன்னும் வேகமாக்கும். பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். வாடை வரும் சுருளைத் தனியே பிரித்து வையுங்கள். டர்பன் புழுக்கம் இதற்குப் பரம எதிரி. கூரைக்கடியில் வைக்கவே கூடாது. ஆசைப்பட்டுப் பழைய புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்காதீர்கள். சுருங்கிய ஃபிலிமின் ஓரத் துளைகள் பல்சக்கரத்தில் பொருந்தாமல் கிழிந்துவிடும். பல்சக்கரம் இல்லாத ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். ஸ்கேன் ஆனதும் சுருளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஹார்டு டிஸ்க் சுருளுக்கு முன்பே செத்துப்போகலாம்.

அப்புறம், இந்தப் படங்களில் பெரும்பாலும் ஒலி இருக்காது. தாத்தா பாட்டியை உட்காரவைத்துப் படத்தைப் போட்டுக் காட்டி, அவர்கள் பேசுவதைப் போனில் பதிவு செய்யுங்கள். யார் அர்ச்சுனன், யார் திரௌபதி, மத்தளம் அடிப்பவர் எந்த ஊர், எல்லாம் கேளுங்கள். இந்த வாரமே கேளுங்கள்.