பாம்பனில் கடல் ஏன் உள்வாங்குகிறது?

[காட்சி: பாம்பன் வடகடல், காலை. தண்ணீர் விலகிய தரையில் நாட்டுப்படகுகள்.]

ராமேசுவரத்தில் கடல் உள்வாங்கியது, பாம்பனில் படகுகள் தரைதட்டின என்ற செய்தி அவ்வப்போது வந்துகொண்டே இருக்கிறது. இந்தப் படகைப் பாருங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. நங்கூரக் கயிறு தொய்ந்து சேற்றில் கிடக்கிறது. இரவு தண்ணீருக்குள் இருந்த கடற்புல் இப்போது வெயிலில் பளபளக்கிறது. 2004-க்குப் பிறகு இதைப் பார்த்தால் வயிறு கலங்கத்தான் செய்யும்.

ஒன்றை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சுனாமிக்கு முன் கடல் பின்வாங்கினால் அது நிமிடக் கணக்கில் நடக்கும். அப்போது வேடிக்கை பார்க்காமல் உடனே மேட்டுப் பகுதிக்கு ஓட வேண்டும். நாம் இப்போது பார்ப்பது ஆறு மணி நேரம் போல எடுத்துக்கொண்டு மெல்ல வற்றுகிற கடல். இதற்குப் பெரும் காரணம் நிலவு.

[வரைபடம்: பூமி, நிலவு. கடல்நீர் இரு பக்கமும் மேடாகிறது.]

நிலவின் ஈர்ப்பு பூமி முழுவதும் ஒரே அளவில் இல்லை. நிலவை நோக்கிய பக்கத்தில் சற்றுக் கூடுதல், மறுபக்கத்தில் சற்றுக் குறைவு. இந்த வித்தியாசத்தால் இரண்டு பக்கமும் கடல் லேசாக மேடாகிறது. பூமி சுழலச் சுழல நம் கரை அந்த இரண்டு மேடுகளையும் இரண்டு பள்ளங்களையும் கடக்கிறது. நம் கண்ணுக்குத் தண்ணீர் ஏறி இறங்குவதாகத் தெரிகிறது. நிலப்பரப்பும் கடலின் ஆழமும் குறுக்கிடுவதால் ஒவ்வொரு ஊருக்கும் நேரம் முன்பின்னாகும். அடிப்படைக் கணக்கு இதுதான்.

பூமி ஒரு சுற்றை முடிப்பதற்குள் நிலவும் தன் பாதையில் ஏறக்குறைய 13 பாகை கிழக்கே நகர்ந்துவிடுகிறது. அதை எட்டிப்பிடிக்கப் பூமி இன்னும் 50 நிமிடம் போலச் சுழல வேண்டும். அதனால்தான் நிலவு தினமும் சராசரியாக 50 நிமிடம் பிந்தி உதிக்கிறது. கடலும் அதே கணக்கில் பிந்துகிறது. இன்று காலை ஆறு மணிக்கு வற்றியிருந்தால், நாளை ஏழு மணிக்குச் சற்று முன்னால் வற்றும். பாம்பன், மண்டபம் பக்கம் பாசி எடுக்க இறங்கும் பெண்களுக்கு இது பாடப்புத்தகச் செய்தி அல்ல, அன்றன்றைய வருமானம்.

சூரியனும் கடலை இழுக்கிறது. அதன் பங்கு நிலவின் பங்கில் பாதிக்கும் குறைவு. அமாவாசை, பௌர்ணமியில் மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வருவதால் இரண்டு இழுப்பும் சேர்ந்துகொள்கின்றன. கடல் அதிகம் ஏறி, அதிகம் வற்றும். அஷ்டமி வாக்கில் ஒன்றின் வேலையை மற்றொன்று குறைத்துவிடும்.

[காட்சி: முழங்கால் ஆழத்தில் நெடுந்தூரம் நடந்துபோகும் மனிதர்.]

இத்தனைக்கும் பாம்பனில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். அப்படியானால் இவ்வளவு தரை எப்படி வெளியே தெரிகிறது? பாக் நீரிணையின் கரையோரம் தாம்பாளம் போலத் தட்டையானது. நீர்மட்டம் இரண்டடி இறங்கினாலே கரை வெகுதூரம் விலகிவிடும். காற்றும் தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளினால் கேட்கவே வேண்டாம், அன்று செய்தியாளர்கள் வந்துவிடுவார்கள்.

[காட்சி: அக்னி தீர்த்தம், தை அமாவாசைக் கூட்டம்.]

ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் இங்கே நீராடுபவர்களின் தலைக்கு மேல் பகல் முழுவதும் நிலவு இருக்கிறது. சூரியனுக்குப் பக்கத்தில், ஒளிபட்ட முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு போவதால் நமக்குத் தெரிவதில்லை.

அப்படியென்றால் ஒவ்வொரு அமாவாசையும் அது சூரியனை மறைக்க வேண்டாமா? நிலவின் பாதை, பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு 5 பாகை சாய்ந்திருக்கிறது. பெரும்பாலான மாதங்களில் நிலவின் நிழல் பூமிக்கு மேலேயோ கீழேயோ விலகிப் போய்விடும். இரண்டு தளங்களும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு அருகே அமாவாசை நேர்ந்தால்தான் சூரிய கிரகணம்.

2010 ஜனவரி 15, தை அமாவாசை. அன்று பிற்பகல் தனுஷ்கோடியில் சூரியன் 10 நிமிடத்துக்கு மேல் நெருப்பு வளையமாக நின்றது. நிலவு பூமியிலிருந்து மிகவும் விலகியிருந்த நாட்கள் அவை. பூமியோ ஜனவரி தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகே போகும். சிறிதாகத் தெரிந்த நிலவால், சற்றுப் பெரிதாகத் தெரிந்த சூரியனை முழுவதும் மூட முடியவில்லை. இந்தக் கரைக்கு இப்படி ஒரு வாய்ப்புக் கிடைத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

அடுத்து 2031 மே 21 அன்று ஒரு வளைய கிரகணம் மதுரை வழியாகத் தமிழ்நாட்டைக் கடக்கிறது. எக்ஸ்ரே படச்சுருள், சாதாரணக் கறுப்புக் கண்ணாடி எதுவும் கண்ணைக் காக்காது; கிரகணம் பார்ப்பதற்கென்றே செய்த கண்ணாடி வேண்டும். அது கிடைக்காவிட்டால் வானத்தைப் பார்க்க வேண்டாம். ஓட்டை விழுந்த பனையோலைக் கூரையின் கீழே தரையைப் பாருங்கள். சிறு துளை ஒவ்வொன்றும் ஒரு வளையத்தை அங்கே வரைந்து காட்டும்.