மட்டப்பா வீட்டுத் தேக்கு

நேயர்களுக்கு வணக்கம். மரச்சாமான் செய்வது என் தொழில். போன மாதம் திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். மட்டப்பா வீடு, அதாவது தட்டையான கூரை போட்டது. மெட்ராஸ் டெரஸ் என்பார்களே, அந்த வகை. உத்தரத்தின் மேல் தேக்குக் கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மெல்லிய செங்கற்களை மூலைவாட்டில் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டுவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து இறுக்குவார்கள்.

இறக்கிய கட்டை ஒன்று கறுத்துப்போய்க் கிடந்தது. அடுப்புக்குத்தான் ஆகும் என்றார் அங்கிருந்தவர். இழைப்புளியை வைத்து நாலு தள்ளு தள்ளினேன். உள்ளே தேன் நிறம், நெருங்கிய ரேகை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் தேக்கின் எண்ணெய் வாசனை! ரங்கூனிலிருந்தும் மௌல்மீனிலிருந்தும் அந்தக் காலத்தில் கப்பலில் வந்த பர்மா தேக்கு அப்படித்தான் இருக்கும். காட்டில் மெதுவாக வளர்ந்து வைரம் பாய்ந்த மரம்.

காட்டைக் காப்பாற்றும் மரச்சாமான் எது என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தக் கட்டையைத்தான். இதற்காக இன்னொரு மரத்தை வெட்ட வேண்டியதில்லை. பச்சை மரமாக இருந்தால் ஒரு அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் நிழலில் காய வேண்டும் என்பது தொழிலில் ஒரு கணக்கு. இது கூரையிலேயே காய்ந்து முடித்துவிட்டது.

வேலை மட்டும் கூடுதல். உள்ளே ஆணி இருந்தால் ரம்பத்தின் பல் போய்விடும்; காந்தம் வைத்துத் தேடி ஒவ்வொன்றாகப் பிடுங்குவோம். சுவருக்குள் புதைந்திருந்த நுனி பெரும்பாலும் ஈரத்தில் மக்கியிருக்கும், அதை அறுத்துத் தள்ள வேண்டும். கூலி ஏறத்தான் செய்யும். அதை மறைத்து யாருக்கும் நான் விற்றதில்லை.

2015 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கும். தண்ணீர் வடிந்த பிறகு சைதாப்பேட்டைத் தெருக்களில் அலமாரிகள் குவிந்து கிடந்தன. மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பலகைகள், நனைந்த ரொட்டி மாதிரி உப்பிப் போயிருந்தன. அவற்றில் திருகாணி கூட மறுபடி பிடிக்காது. அதே தெருவில் ஒரு பாட்டியின் தேக்குக் கட்டில் என் பட்டறைக்கு வந்தது. ஒரு கட்டையில் துளை, இன்னொன்றின் முனையை நாக்கு போலச் செதுக்கி அதில் இறக்கி, குறுக்கே மர முளை அடித்த வேலை. முளைகளைத் தட்டியதும் கட்டில் பிரிந்து வந்தது. சேறு கழுவி, நிழலில் காயவைத்து, ஒரு கால் மட்டும் புதிதாகப் போட்டு மறுபடி பூட்டினோம். பிரிக்க முடிகிற சாமானைத்தான் பழுது பார்க்க முடியும். அதனால்தான் இன்றும் என் பட்டறையில் உளியும் கொட்டாப்புளியும் ஓய்வதில்லை.

பழைய தேக்கு எல்லோருக்கும் கிடைக்காது. பால் வற்றியபின் எப்படியும் வெட்டப்படும் ரப்பர் மரம் நல்லதுதான், பூச்சி அரிக்காமல் மருந்தேற்றியதாக இருந்தால். 2016 வர்தா புயலில் சாய்ந்த தூங்குமூஞ்சி மரங்களை விறகாகத் துண்டு போட்டார்கள். ஒவ்வொன்றும் எத்தனை மேசைப் பலகை! இன்னும் எனக்கு ஆறவில்லை.

வீட்டை இடிக்கக் குத்தகை பேசுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கதவு, ஜன்னல், கூரை மரம் எல்லாம் சேர்த்துத்தான் இடிப்பவர் விலை சொல்வார். கையெழுத்துப் போடும் முன் ஒரு தச்சரைக் கூட்டிப் போய்க் கூரையைக் காட்டுங்கள். எத்தனை கட்டை என்று எண்ணி, உங்களுக்கு வேண்டியதைத் தனியாக எழுதி வாங்குங்கள்.

திருவல்லிக்கேணி வீட்டம்மா நாலு கட்டைகளை நிறுத்திக்கொண்டார். புது ஃப்ளாட்டில் ஊஞ்சல் பலகை வேண்டுமாம். ஆணி பிடுங்கியாகிவிட்டது, நாளைக்கு இழைக்க ஆரம்பிக்கிறோம். வணக்கம்.